காட்டா அண்ணனும் ஐம்பத்தைந்து பவுண்டு மோட்டாரும்

புத்தலப்பட்டிலிருந்து குடிபாலா வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும், நாலு பெண்கள் நின்று பேசும் இடத்தை ஒரு நொடியில் காலி செய்யக்கூடிய மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். அவர் கையில் கம்பு கிடையாது. வாயில் கெட்ட வார்த்தை கிடையாது. சும்மா வந்து நிற்பார், தலை முதல் கால் வரை ஒரு பார்வை பார்ப்பார், "எழுபத்திரண்டரை" என்பார். அவ்வளவுதான். காக்காய்க் கூட்டத்தில் கல் விழுந்த மாதிரி ஆளுக்கொரு பக்கம் பறந்துவிடுவோம்.

சித்தூரில் எங்கள் தெருவுக்கே அவர் காட்டா அண்ணன். எடை மெஷினுக்கு எங்கள் பக்கம் காட்டா என்று பெயர், தெலுங்கு கொடுத்த சொல். வெல்ல மண்டி, மாங்காய் மண்டி, கறிக்கடை என்று எங்கே காட்டா மக்கர் பண்ணினாலும் இவருக்குத்தான் போன் வரும். முப்பது முப்பத்தைந்து வருஷம் மூட்டையையும் முள்ளையும் பார்த்துப் பார்த்து, கடைசியில் கண்ணே காட்டாவாகிவிட்டது. கால் கிலோ முன்னே பின்னே இருக்கலாம், அதற்கு மேல் தப்பாது.

கண் அப்படி இருந்தால் வாயாவது சும்மா இருக்க வேண்டாமா? ஒரு கல்யாண மேடையில் போட்டோவுக்கு நிற்கும்போது மாப்பிள்ளையின் காதில் குனிந்து, "நைனா, நீ ஐம்பத்தெட்டு, பொண்ணு அறுபத்தஞ்சு. தூக்குறேன் கீக்குறேன்னு வாக்கு குடுத்துடாத" என்றார். மைக் ஆனில் இருந்தது. லெந்து காலம் முடிந்து ஈஸ்டர் ஆராதனைக்கு வந்த எங்கள் பாஸ்டரைச் சர்ச் வாசலிலேயே மடக்கி, "ஐயா, நாப்பது நாள் உபவாசத்துல ரெண்டு கிலோ ஏறிட்டீங்க" என்று கையைக் குலுக்கினார். அந்த ஈஸ்டருக்குப் பிரசங்கம் மிகவும் சுருக்கமாக இருந்தது. என்னிடமும் அவர் அடிக்கடி எண்களைச் சொல்லியிருக்கிறார். அவற்றை இந்தக் கட்டுரையில் யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

அவர் வாயைத் திறக்காத ஒரே எடை அவர் மனைவியுடையது.

அந்த அம்மாள் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் ஹெட் நர்ஸாக இருந்து ரிடயரானவர். ஊரே சிஸ்டர் என்று கூப்பிட்டு, கடைசியில் கட்டின புருஷனும் சிஸ்டர் என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார். நிச்சயதார்த்தத்தில், பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று பெரியவர்கள் கேட்டதற்கு, மாப்பிள்ளையாக இருந்த காட்டா அண்ணன் சபை நடுவே பெண்ணின் எடையைச் சொன்னாராம். பெண் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. பிறகு வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்து, "என் சீவன் உள்ளவரை இவள் எடையைச் சொல்ல மாட்டேன்" என்று அவர் சத்தியம் செய்த பின்தான் கதவு திறந்தது. மற்ற வாக்குறுதிகளை அவர் எப்படிக் காப்பாற்றினாரோ தெரியாது, இதை மட்டும் காப்பாற்றினார்.

இப்படி இருந்த மனிதர் போன வருஷம் ஒரு படகு வாங்கினார். பக்கத்து அணையில் சவாரி விட்டுக்கொண்டிருந்த ஆள் தொழிலை விட்டுவிட்டுப் பெங்களூருக்குப் போனபோது, சின்ன ஃபைபர் படகையும் அதன் பெட்ரோல் மோட்டாரையும் இவர் தலையில் கட்டிவிட்டான். காட்டா அண்ணனுக்குத் தூண்டில் போடுவதில் பழைய கிறுக்கு உண்டு. அணைக்கரை மீனவர் சங்கத்தில் பேசி ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களுக்கு அனுமதியும் வாங்கிவிட்டார். துணைக்கு என் கணவர் எட்வின். அவர் திருப்பதியில் ஒரு காலேஜில் பிசிக்ஸ் சொல்லிக்கொடுப்பவர், மீன் விஷயத்தில் சாப்பிடுவது தவிர வேறு ஞானம் இல்லாதவர்.

முதல் நாள் போய் வெறுங்கையோடு திரும்பினார்கள். பெட்ரோல் மோட்டார் போட்ட சத்தம் அப்படி.

"அத்த ஸ்டார்ட் பண்ணா மீனெல்லாம் வேலூருக்கே போய்டுது சார்" என்றார் அண்ணன். "தூரம் போறதுக்கு அது இருக்கட்டும். மீன் இருக்கிற எடத்துக்கு வந்ததும் சத்தமில்லாம ஊர்ந்து போக இன்னொரு குட்டி மோட்டார் ஓணும்."

அப்படி ஒன்று இருக்கிறது என்று மொபைல் வீடியோவில் கண்டுபிடித்தார். டிரோலிங் மோட்டார் என்று பெயர். நீளமான கம்பி, அடியில் விசிறி, மேலே கைப்பிடி. படகின் வால் பக்கம் கவ்வ வைத்து பேட்டரியில் மாட்டினால், பூனை நடக்கிற மாதிரி தண்ணீரில் போகுமாம்.

தேடுவதற்கு இரண்டு பேரும் திருப்பதிக்குப் போனார்கள். முதல் கடையில் போர்வெல் மோட்டாரைக் காட்டி, "தண்ணிக்குள்ள ஓடற மோட்டார்னா இதான் சார்" என்றார்கள். இரண்டாவது கடைக்காரர் பக்திமான். படகுக்கு மோட்டார் என்றதும் எழுந்து நின்று, "தெப்போற்சவத்துக்கா ஸ்வாமி?" என்று நாற்காலி போட்டு, காபி வரவழைத்து, அடக்க விலைக்கே எது வேண்டுமானாலும் வரவழைத்துத் தருவதாகச் சொன்னார். காட்டா அண்ணனுக்குப் பொய் வராது. "இல்ல நைனா, கெளுத்தி மீன் புடிக்க" என்றார். கடைக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஃபேனை நிறுத்திவிட்டார்.

கடைசியில் ஆன்லைனில் விற்கும் ஒரு கம்பெனியைப் போனில் பிடித்தார்கள். அங்கே பேசிய பையன் தெலுங்கும் இங்கிலீஷும் கலந்து விளக்கினான். மோட்டார் எவ்வளவு தள்ளும் என்பதைப் பவுண்டில் சொல்வார்களாம். முப்பது, நாற்பது, ஐம்பத்தைந்து என்று பல அளவு. படகு, ஆள், பேட்டரி எல்லாம் சேர்ந்த எடை ஏற ஏற மோட்டாரும் பெரிதாக வேண்டும். "டோட்டல் லோடு எந்த சார்?" என்று கேட்டான்.

எடை எவ்வளவு என்று காட்டா அண்ணனிடம் ஒருவன் கேட்டுவிட்டான். கரும்பு தின்னக் கூலி வேறா? அன்றிலிருந்து தொடங்கியது எங்கள் கஷ்டம்.

"நாற்பது தாராளமா போதும்ணா. பத்து கிலோ இப்படி அப்படி ஆனா ஒண்ணும் வித்தியாசம் வராது" என்று எட்வின் கணக்குப் போட்டே காட்டினார்.

"இருக்கட்டும் சார். எட தெரியாம மோட்டாரு வாங்கறதும், காலு தெரியாம செருப்பு வாங்கறதும் ஒண்ணு."

வாரங்கள் போயின. மோட்டார் வரவில்லை. கம்பியின் நீளம் பார்க்கிறேன் என்று படகின் வாலிலிருந்து தண்ணீர் மட்டம் வரை அளந்தார். பேட்டரி ஈயமா லித்தியமா என்று எட்வினின் தூக்கத்தைக் கெடுத்தார். எல்லாம் முடிவான பிறகும், எத்தனை பவுண்டு என்பதில் மட்டும் வண்டி நின்றது. டோட்டல் லோடு வரவில்லையாம். படகில் போவது இரண்டு ஆள். இதில் வராத லோடு எது?

ஒரு நாள் அவர் ரிப்பேர் கடைக்கே போய், "ஏண்ணா, எங்க வீட்டுக்காரரு ஞாயித்துக்கெழமையெல்லாம் உங்க படகப் பத்தியே பேசிக்கினு கீறாரு. ஒரு மோட்டாரு வாங்க இவ்ளோ இழுக்கணுமா?" என்று சத்தம் போட்டேன்.

அவர் பிரித்துப் போட்டிருந்த காட்டாவையே பார்த்துக்கொண்டு சொன்னார். "சிஸ்டர் எடையும் சேத்து ஓணும்மா."

"சிஸ்டரா? அவங்க என்னிக்குப் படகுல ஏறுனாங்க?"

"ஏற மாட்டா. எடைதான் ஓணும்." கொஞ்ச நேரம் ஸ்க்ரூவைத் திருகினார். "நீ பாக்கலியா? எளச்சிக்கினே போறா."

பார்த்திருந்தேன். பார்த்து வயிற்றெரிச்சல் பட்டிருந்தேன். சிஸ்டர் இளைத்ததுதான் அந்த வருஷம் எங்கள் சர்ச் பெண்கள் சங்கத்தின் பெரிய செய்தி. ரகசியம் என்ன என்று எல்லோரும் கேட்க, அவரும் பெருமையாக, "ஒண்ணுமில்ல, ராத்திரியில கேவுருக் களி" என்று சொல்லி வைத்தார். அதிலிருந்து தெருவில் எல்லா வீட்டிலும் ராத்திரி கேழ்வரகுக் களிதான். மற்றவர்களுக்கு ஒரு கிராமும் குறையவில்லை. எனக்கு ஏறியது.

"களியும் இல்ல, கிளியும் இல்ல" என்றார் அண்ணன். "முன்ன விட ஜாஸ்தியா துன்றா. துன்னத் துன்னக் கொறையுது. டம்ளரப் புடிச்சா கை ஆடுது. எனக்குக் கண்ணு இருக்குதே, தினம் தெரியுதே. டாக்டர் கிட்ட போலாம்னு வாயத் தொறந்தா, 'என்ன எட போட்டுப் பாக்குறியா? சத்தியம் இன்னா ஆச்சு?'ன்னு விரலக் காட்டுறா. ஊருக்கெல்லாம் சொன்னேன். சொல்ல வேண்டிய எடத்துல வாயக் கட்டிப் போட்டுக்கினு கீறேன்."

அந்த மனிதர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான். நான் பேசிப் பார்க்கிறேன் என்று நேராகச் சிஸ்டரிடம் போனேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "உனக்குப் பொறாமைடி" என்றார். ஊருக்கெல்லாம் ஊசி போட்டு, ஆயிரம் பேரை மிரட்டி மாத்திரை விழுங்க வைத்த கை அது. தனக்கென்று ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்காது.

ஆக மோட்டார் பாட்டுக்கு நிற்கட்டும், சிஸ்டரைக் காட்டாவில் ஏற்றுவது எப்படி என்பதே கேள்வியாகிவிட்டது. சத்தியமும் உடையக் கூடாது. இந்த மனிதர் சும்மா விட்டுவிடுகிற ஆள் இல்லை. அடுத்த வாரமே ஒரு வழியோடு வந்தார்.

"சிஸ்டர், மோட்டாரு வாங்கணும்னா மொத்த எட ஓணுமாம். கம்பெனிக்காரன் கேக்குறான். ஒரு நாளாவது நீ படகுல வர மாட்டியா? எல்லாரும் படகுல ஒண்ணா உக்காந்துக்கலாம், ஒட்டுமொத்தமா ஒரே எட. உன்து தனியா யாருக்கும் தெரியாது."

சிஸ்டர் யோசித்தார். "தனியா காட்டாதா?"

"காட்டாது. காட்டா மேல துண்டு போட்டு மூடிடறேன். கடைசியில ஒரே நம்பர்."

"நானும் வரேன் சிஸ்டர், நானும் உக்காருறேன்" என்று நான் முந்திக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே தியாகம் அது. அதை இன்றுவரை யாரும் தியாகம் என்று ஒத்துக்கொள்ளவில்லை.

வெல்ல மண்டியில் மூட்டை போடும் பெரிய மேடைக் காட்டா ஒன்று உண்டு. சனிக்கிழமை மத்தியானம், ஏலம் முடிந்த நேரம். டெம்போவில் படகு வந்து இறங்கியது. பக்கத்தில் ஒரு குட்டை கூடக் கிடையாது. சுமை தூக்குகிறவர்கள், மண்டிக்காரர்கள், டீக்கடைக்காரர் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வந்துவிட்டார்கள். "இதி ஏமன்னா?" என்று ஒருவர் கேட்டார். "படவ" என்றார் அண்ணன், மண்டிக்குப் படகு வருவது தினம் நடப்பது போல. "மழை பெருசா வரப் போவுதுன்னு நோவாவுக்குச் சொன்ன மாதிரி இவருக்கும் சொல்லிட்டாங்களோ" என்றார் டீக்கடைக்காரர்.

முதலில் படகைத் தனியாக எடை போட்டார். பிறகு பெட்ரோல் மோட்டார். பேட்டரி இன்னும் வாங்கவில்லை, அதற்குப் பதில் இருபத்தாறு கிலோ அரிசி மூட்டை. வாங்கப் போகும் மோட்டாருக்குப் பதில் பத்து கிலோ வெல்லம். ஒவ்வொன்றையும், சர்ச்சில் அறுப்பின் பண்டிகை ஏலம் விடும்போது கத்துவாரே அந்தக் குரலில் மண்டிக்கே கேட்கச் சொன்னார். அடுத்து ஆட்கள். தன்னை ஏற்றி, "அறுபத்திரெண்டு" என்றார். எட்வினை ஏற்றி, "எண்பத்தொண்ணு, இதுல போன மாசத்து பிரியாணி ரெண்டு" என்றார். அப்புறம் நான் ஏறினேன். அவர் சொன்னார். மண்டி முழுக்கக் கேட்டது. வெல்லத்தில் மொய்த்த ஈக்கள் கூட ஒரு கணம் நின்றதாக எனக்குத் தோன்றியது.

"எல்லாரையும் தனித்தனியா போட்டுட்டியே" என்றார் சிஸ்டர் சந்தேகமாக.

"அவங்களுக்கு ஏது சத்தியம்? நீ மட்டும் ஒட்டுமொத்தம்தான்."

காட்டாவில் எண் தெரியும் முகப்பின் மேல் துண்டு போட்டு மூடினார். படகுக்குள் அரிசியையும் வெல்லத்தையும் வைத்து, பெட்ரோல் மோட்டாரை மாட்டி, நாங்கள் நாலு பேரும் ஏறி வரிசையாக உட்கார்ந்தோம். சிஸ்டர் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஃபோட்டோவுக்கு உட்காருகிற மாதிரி முதுகை நேராக்கிக்கொண்டார். எட்வினுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, துடுப்பைப் பிடித்துக்கொண்டார். சுற்றியிருந்தவர்கள் கை தட்டினார்கள். அண்ணன் உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டித் துண்டை உருவினார்.

எண் தெரிந்தது. அதை அவர் சத்தமாகப் படித்தார். படித்த பிறகு அதே குரலில், ஒவ்வொன்றாகத் திரும்பச் சொல்ல ஆரம்பித்தார். படகு இவ்வளவு. பெட்ரோல் மோட்டார் இவ்வளவு. அரிசி இருபத்தாறு. வெல்லம் பத்து. நான் அறுபத்திரெண்டு. சார் எண்பத்தொண்ணு. பாப்பா (என்னை அவர் கூப்பிடுவது அப்படித்தான்) இவ்வளவு. ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் கொஞ்சம் இடம் விட்டார். கடைசி எண்ணைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். மூடிக்கொண்டு மனைவியைப் பார்க்காமல், துடுப்பைப் பார்த்தார்.

(மொத்தம் எவ்வளவு என்று இங்கே எழுத மாட்டேன். படகின் எடையை யாராவது விசாரித்துக் கழித்துப் பார்ப்பீர்கள்.)

சிஸ்டர் வாழ்நாளெல்லாம் இத்தனை கிலோ உடம்புக்கு இத்தனை மருந்து என்று மனசிலேயே கணக்குப் போட்டவர். அவர் உதடுகள் அசைவதைப் பார்த்தேன். கழித்துக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் நின்று, மறுபடியும் முதலிலிருந்து கழித்தார். ரிடயரான அன்றைக்கு ஆஸ்பத்திரிக் காட்டாவில் யாருக்கும் தெரியாமல் ஒரு முறை ஏறிப் பார்த்திருக்கிறார் என்று பிற்பாடு தெரிந்தது. எவ்வளவு இருந்தது, எவ்வளவு இருக்கிறது என்பதை நானும் சொல்ல மாட்டேன். குறைந்ததைச் சொல்லலாம். பதினொரு கிலோ.

அவர் தன் கையை நீட்டிப் பார்த்தார். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. இன்னொரு கையால் தன் நாடியைத் தானே பிடித்து, சுவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னாங்க," என்றார் கடைசியில், "நாளைக்கி ஞாயிறு. திங்கக்கெழம திருப்பதிக்குப் போலாமா, பெரிய ஆஸ்பத்திரிக்கு?"

"போலாம் சிஸ்டர்" என்றார் அண்ணன். அவர் குரல் ஏலக்குரலாக இல்லை.

தைராய்டு. அது அளவுக்கு மீறி வேலை செய்துகொண்டிருந்தது. விட்டிருந்தால் இதயத்தைப் பிடித்திருக்கும் என்றார் டாக்டர், இப்போது மாத்திரையில் சரியாகிவிடும் என்றும் சொன்னார். அந்தக் கவலையிலும் நம் அண்ணன் சும்மா இருக்கவில்லை. ஆஸ்பத்திரிக் காட்டாவைக் குனிந்து பார்த்து, இதைக் கடைசியாக எப்போது சோதித்து முத்திரை போட்டீர்கள் என்று நர்ஸை விசாரித்தாராம். டாக்டரின் எடையையும் சொல்லிவிட்டாராம். சிஸ்டர் எனக்குப் போன் செய்து, "மானம் போச்சுடி" என்று சிரித்தார். பொறாமை என்று சொன்னதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கவில்லை. போகட்டும், அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது.

எங்கள் தெருவில் அன்று ராத்திரி முதல் எல்லா வீட்டிலும் பழையபடி சோறு.

சில மாதம் கழித்து எட்வினின் வேலைக்காக நாங்கள் திருப்பதிக்கே குடிபோய்விட்டோம். மூட்டை கட்டும் போதும் மோட்டார் வந்திருக்கவில்லை. பிறகு ஒரு நாள் போன். மோட்டார் வந்தாயிற்று, ஞாயிற்றுக்கிழமை அணைக்கு வரணும் என்றார். போனோம்.

சிஸ்டர் படகில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்திருந்தார். முகத்தில் பழைய சதை கொஞ்சம் திரும்பியிருந்தது, மடியில் நாலடுக்கு கேரியர். பெட்ரோல் மோட்டாரில் நடு அணை வரை போய் அதை நிறுத்தினார்கள். அண்ணன் குட்டி மோட்டாரை இறக்கி, கைப்பிடியை லேசாகத் திருப்பினார். சத்தமே இல்லை. கரையில் யாரோ துணி துவைப்பது கேட்டது. படகு பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மீன் கிடைத்ததா என்று கேட்காதீர்கள், சிஸ்டர் விடாமல் பேசிக்கொண்டே வந்தார்.

எட்வின் மோட்டாரின் பக்கத்தில் குனிந்து பார்த்தார். அவருக்கு எதையும் கணக்கோடு பார்க்காவிட்டால் சாப்பாடு இறங்காது.

"ஏண்ணா, இதுல ஐம்பத்தஞ்சு பவுண்டுன்னு போட்டிருக்குதே. அன்னிக்கி மண்டியில போட்ட எடைக்கு நாற்பதே ஜாஸ்திதானே?"

"அன்னிக்கி எடைக்கு அது போதும் சார்" என்றார் அண்ணன். "நான் சிஸ்டர் எளைக்கிறதுக்கு முந்துன எடைக்கு வாங்குனேன்."

கேரியரைப் பிரித்துக்கொண்டிருந்த சிஸ்டர் நிமிர்ந்தார். "அப்போ மோட்டாருக்குத் தக்கன நான் ஏறணுமா?"

இத்தனை வருஷத்தில் சிஸ்டர் தன் எடையைப் பற்றித் தானே பேச்செடுத்தது அன்றுதான். காட்டா அண்ணன் சத்தியத்தை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, அவரைத் தலை முதல் கால் வரை பார்த்தார், எண்ணைச் சொல்லவில்லை. கைப்பிடியை இன்னும் கொஞ்சம் மெதுவாக்கினார்.

"மெல்ல ஏறு சிஸ்டர்" என்றார். "மோட்டாரு காத்துக்கினு இருக்கும்."